அடிக்குறிப்பில் இருந்தது

சலவைக்கடையில் துணி தேய்க்கும் அந்த அம்மாளின் வலது கை மேசைமேல் வைத்தது வைத்தபடி கிடந்தது. விரலை மடக்கச் சொன்னாள் டாக்டர். மடங்கவில்லை.

"மாத்திரைய தினமும் போட்டீங்களா?"

அம்மாளின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மகள்தான் பதில் சொன்னாள். "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாங்க டாக்டர். பழசவிட இது அஞ்சு மடங்கு விலை. உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டாங்க."

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி, வண்டி பிடித்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தபோது டாக்டருக்குக் காது மடலெல்லாம் சுட்டது. பழைய மாத்திரையில் அந்த அம்மாளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. எட்டு வருஷமாக ரத்த அழுத்தம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. மாற்றி எழுதியவள் இவள்தான். 'சிகிச்சைச் செலவில் பாதி மிச்சம்' என்று புது மாத்திரைக் கம்பெனியின் பளபளக்கும் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இல்லாதவர்களுக்கு நல்லது செய்கிறோம் என்ற பெருமிதம் வேறு அன்றைக்கு.

இழுப்பறையைக் குடைந்து அந்தத் தாளை எடுத்தாள். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரி. தோலில் தடிப்புப் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தாள். ஒருமுறை படித்தது போதவில்லை.

மதியம் அதே கம்பெனியின் விற்பனை ரெப் வந்தான். வாயெல்லாம் பல், கையில் புதுத் தாள். அவள் எழுந்து போய் அறைக் கதவை அகலத் திறந்து வைத்தாள். வெளியே பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள்.

"இந்த அடிக்குறிப்பைப் படிங்க. சத்தமா."

"டாக்டர், அது வந்து..."

"படிங்க!"

அவன் பூதக்கண்ணாடியை வாங்கிப் பழைய தாளின்மேல் குனிந்தான். "கம்பெனியின் உத்தேசக் கணிப்பு. ஆஸ்பத்திரியில் சேரும் செலவு குறையும் என்ற அனுமானத்தில்..." குரல் இறங்கியது. "மருந்தின் விலை இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை."

பெஞ்சிலிருந்த பெரியவர் கேட்டார்: "அப்போ மாத்திரைய சும்மாவா தர்றாங்க?"

யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "மருந்து விலைய விட்டுட்டு சிகிச்சைச் செலவு மிச்சம்னு சொல்றதுக்கு உங்க வாய் கூசல? ஒரு பொம்பளைக்குக் கை போச்சுய்யா!"

அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் தலை நிமிர்ந்துதான் சொன்னான்: "தாளை உங்க கையிலதான் குடுத்தேன் டாக்டர். நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அவள் அவன் கையிலிருந்த பழைய தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "வெளிய போங்க" என்றாள்.

அவன் போன பிறகும் கோபம் அறையை விட்டுப் போகவில்லை. யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை. நர்ஸிடம் அந்த மாத்திரை எழுதிய எல்லோருடைய அட்டைகளையும் எடுக்கச் சொன்னாள். இருபத்துமூன்று. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, உடனே வந்து பார்க்கும்படி சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஏழாவது வீட்டில் ஓர் ஆண் குரல். "மாத்திரையா டாக்டர்? போட்டுக்கிட்டுதான் இருக்கா. அவ தூங்குறா, நானே பாத்துச் சொல்றேன்."

"எத்தனை மிச்சமிருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க."

"லைன்லயே இருங்க."

அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. டப்பா ஒன்று உருண்டது. இன்னொரு கதவு திறந்தது; தூங்குகிறவளை அவர் எழுப்பும் குரல் ஒருமுறை, பிறகு இன்னும் சத்தமாக மறுமுறை கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் காத்திருந்தாள்.