கப்பல் பொடி

வாய்க்கட்டுக்காக வெள்ளை வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தார் அய்யாத்துரை சித்தப்பா. "சித்தப்பா, ஒரு நிமிசம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் எதற்கு என்று கேட்பார். பூமாரி சொம்புத் தண்ணீரை ஏந்தியபடி நின்றாள். சித்தப்பா அப்பாவின் தாடையை உயர்த்திப் பிடித்து, துணியை உச்சந்தலைக்குக் கொண்டுபோய் முடிச்சுப் போட்டார். இரண்டாவது முடிச்சும் விழுந்தது.

அப்பாவின் மேலுதட்டுக்குள், இடது பக்கம், ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. காலையில் அவள்தான் வைத்தாள். வைத்துக் கால்மணி நேரத்தில் அப்பா போய்விட்டார்.

"அண்ணனுக்கு உதடு என்ன, ஒருபக்கமா வீங்கின மாதிரி இருக்கு?" என்றார் சித்தப்பா.

"பல்வலி" என்றாள் பூமாரி. "நேத்துலருந்து."

முன்வாயில் நான்கு பல் மட்டும் மிஞ்சியிருந்த மனிதருக்குப் பல்வலி. சித்தப்பா நம்பிவிட்டார். சாவு வீட்டில் மகள் சொல்வதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

எதிர்வீட்டுச் சங்கரம்மாள் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, பூமாரியின் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, கடைசியா நீதான் பக்கத்துல இருந்தியாமே. அப்பா ஏதும் கேட்டாவளா?"

"தண்ணி கேட்டாவ."

"குடுத்தியா?"

"ம்."

"மக கையால தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்காவ. எத்தன பேருக்கு வாய்க்கும் இது!" சங்கரம்மாள் அவளுடைய கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அதற்குப் பிறகு உள்ளே வந்த ஒவ்வொருத்தியிடமும் அதையே சொன்னாள். மகள் கையால் தண்ணீர். வந்தவர்களெல்லாம் பூமாரியைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

அப்பா கேட்டது தண்ணீர் இல்லை.

போன வருசம் இருமலில் ரத்தம் கண்டபோது, பீடியை விட்டால்தான் ஆச்சு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு இழுக்கிற ஆள் அப்பா வெள்ளத்துரை. தறியில் நூல் அறுந்தாலும் பீடி, அறுந்ததை முடிந்தாலும் பீடி. ஆடித்தபசுத் திருவிழா கழிந்த மறுநாள், கூட்டம் வடிந்த நேரமாகப் பார்த்து, பூமாரி அவரைக் கோமதியம்மன் சன்னதிக்குக் கூட்டிப்போனாள். அவருடைய கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தாள்.

"இனிமே பீடியத் தொடமாட்டேன்னு சொல்லுங்கப்பா."

"ஏட்டி, வேற எதுமேலயாவது பண்ணுதேன்."

"வேற எதுமேல பண்ணாலும் மீறிருவிய."

சத்தியம் பண்ணினார். வெளியே வந்து, பிரசாதமாகக் கொடுத்த புற்றுமண்ணை நாக்கில் போட்டுக்கொண்டு, "இனிமே நமக்கு இதாம் பீடி" என்றார்.

அதற்கப்புறம் பொங்கல்வரைக்கும், ஆறு மாதமும் அவர் வீட்டில் மனிதராக இல்லை. சோற்றுத் தட்டைத் தள்ளினார். தறிக்காரர்களோடு சண்டை போட்டார். பொங்கலுக்கு அண்ணன் சங்கரசுப்பு லீவில் வந்தான். சரக்குக் கப்பலில் சமையல்காரன். டிரங்குப் பெட்டியைத் திறந்து, செருப்பு பாலீஷ் டப்பா மாதிரி வட்டமாக இருபது டப்பாக்களை எடுத்து வைத்தான். உள்ளே ஈரமான புகையிலைத் தூளை வெள்ளைத் தாளில் மடித்த குட்டிப் பொட்டலங்கள்.

"சுவீடன் நாட்டுக்காரன் பூராம் இதத்தான் அதக்கிக்கிடுதான். புகை கிடையாது. மெல்லக் கூடாது, துப்பக் கூடாது. மேலுதட்டுக்குள்ள வச்சிட்டு சும்மா இருக்கணும்ப்பா."

"சும்மா இருக்கணுமா? அப்ப இத ஒரு சாமியாருக்கல்லாலே குடுக்கணும்!" என்றார் அப்பா.

முதல் நாள் வெற்றிலையோடு சேர்த்து மென்று விழுங்கிவிட்டார். மதியம்வரை விக்கல் நிற்கவில்லை. இரண்டாம் நாள் பழக்கதோஷத்தில் பொட்டலத்தோடு சேர்த்துத் தெருவில் துப்பினார். என்ன ருசி என்று பூமாரி கேட்டாள். முதலில் உப்பு, அப்புறம் சுட்ட கருவாட்டு வாடை, அதற்கப்புறம் என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்றார். அண்ணன் கப்பலுக்குப் போனபிறகு பூமாரிதான் பொறுப்பு. காலைக் காபிக்குப் பிறகு ஒன்று, மத்தியானம் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று. துப்பிவிட்டாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். மாசி பிறந்ததும் ஒருநாள், "பழகிட்டுது மக்கா" என்றார். அன்றைக்கே அண்ணனுக்குக் கடிதம் போட்டாள். தெருவில் எல்லோரிடமும் கப்பல் பொடியைப் பற்றிச் சொன்னாள். அப்பாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு ஒரு நிமிர்வு வந்திருந்தது.

இன்று காலை அம்மா தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அப்பா மூன்று நாளாகப் படுக்கையில்தான். மூச்சு இரைத்தது. "ஏட்டி, பூமாரி" என்றார். "ஒண்ணே ஒண்ணு. பத்தவச்சு நீயே எம் வாயில பிடி. ஒரு இழுப்பு போதும்."

"சத்தியம் என் தலைமேலல்லா இருக்கு. நான் செத்துப்போட்டும்ங்கியளா?"

அப்பா அவளையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "சரி, அதையே வையி" என்றார். வாயை அவராகவே திறந்தார். அவள் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஜன்னலுக்கு வெளியே பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவோடு முப்பது வருசம் ஒரே தறிக்கூடத்தில் நின்ற மூக்காண்டியின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"என்ன இருந்தாலும் கடைசியில பீடிய ஜெயிச்சிட்டாருவே" என்றார் யாரோ.

"ஜெயிச்சாரு!" என்றார் மூக்காண்டி. "செத்த எலிய உப்புல ஊறப்போட்டு வாயில வச்ச மாதிரி இருக்குலேம்பாரு. துப்பித் தொலைங்க அண்ணாச்சிம்பேன். வீட்டுக்குப் போனா பிள்ள வாயத் தொறந்து பாக்கும்லேம்பாரு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"பழகிட்டுதுன்னுல்லா அந்தப் பிள்ள சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிது?"

"எங்கவே பழகிச்சு! தறிய நிப்பாட்டிட்டு வெளிய போயி ஓங்கரிச்சிட்டு வருவாரு. அத வாயில இருந்து எடுக்க மட்டும் மாட்டாரு. பழகிட்டுதுன்னு ஒருதரம் சொல்லிட்டேன், இனிமே மாத்திச் சொன்னா அதுக்கு மூஞ்சி செத்துப்போவும்னு..." மூக்காண்டி துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

பூமாரி ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். துரு உள்ளங்கையில் ஒட்டியது. சிதையில் எரிந்து முடியும்வரைக்கும் அப்பா அதை வாயில் வைத்துக்கொண்டிருக்கப் போகிறார். இனிமேல் துப்பவும் முடியாது.

குளிப்பாட்டுவதற்கு நீர்மாலைக் குடம் வந்தது. குளிப்பாட்டி, கோடி போர்த்தி, விபூதி பூசிக் கிடத்தினார்கள். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று தெரியாததால் கொள்ளிக்குச் சித்தப்பாதான். வாய்க்கரிசிக்காகத் துணியை நெகிழ்த்திவிட்டார்கள். "பொம்பளையெல்லாம் போடுங்கம்மா, வெயில் ஏறுது" என்று வாசலில் இருந்து யாரோ அவசரப்படுத்தினார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

பூமாரியின் முறை. ஒரு பிடி அரிசியை எடுத்துக் குனிந்தாள். சுற்றி எத்தனை கண்கள் என்று அவள் பார்க்கவில்லை. இடது கையால் அப்பாவின் மேலுதட்டைத் தூக்கினாள். குளிர்ந்து விறைத்திருந்தது. விரலை உள்ளே விட்டாள். பொட்டலம் ஈறோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

சட்டென்று அம்மாவின் முந்தானை முகத்துக்கு நேரே இறங்கியது. ஈ உட்காராமல் மறைப்பதுபோல அம்மா சேலையை விரித்துப் பிடித்திருந்தாள். அதற்குள்ளே அப்பாவின் முகமும் பூமாரியின் கையும் மட்டும்தான். அம்மாவின் மற்றொரு கை வந்து அப்பாவின் தாடையைக் கீழே இழுத்துப் பிடித்தது. பொட்டலம் வந்துவிட்டது. பழுப்பாக ஒரு சொட்டு மீசையில் விழுந்தது. அம்மா அதைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

"அரிசியப் போட்டுட்டு எந்திரிட்டி. அடுத்த ஆளு நிக்குல்லா" என்றாள் அம்மா.

பூமாரி மூன்று தரம் போட்டாள். இடது கையை மூடிக்கொண்டு எழுந்து பின்பக்கம் போனாள்.

சங்கு ஊதி, வேட்டுச் சத்தம் தெருமுனை திரும்பி மறைந்தபிறகு, பெண்கள் குடத்தோடு கூடத்தைக் கழுவ வந்தார்கள். அம்மா யாரையும் விடவில்லை. அப்பா கிடந்த இடத்தைத் தானே கழுவுவேன் என்று வாளியை வாங்கிக்கொண்டாள். பூமாரி விளக்குமாற்றை எடுத்தாள். இருவர் மட்டும்தான் கூடத்தில்.

பிணம் தெருவைத் தாண்டிவிட்டதால் நிறுத்திவைத்திருந்த விசைத்தறிகளை ஓடவிட்டார்கள். முதலில் அடுத்த வீட்டில் ஒன்று, பிறகு எதிர்ச்சாரியில் நான்கு, பிறகு தெரு முழுக்க. சுவர் அதிர்ந்தது. தன் குரல் தனக்கே கேட்காத அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு பூமாரி சொன்னாள்.

"அப்பா தண்ணி கேக்கலம்மா. ஒரு பீடி கேட்டாவ. நான் குடுக்கல."

அம்மாவும் பத்து வருசம் தறிக்கூடத்தில் தாரில் நூல் சுற்றியவள். அந்த இரைச்சலில் உதட்டசைவைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசிவிட்டு வருகிறவள். அவள் மகளின் வாயைப் பார்த்தாள். வாய் அசைந்து ஓயும்வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு வாளியைச் சரித்தாள். தண்ணீர் பூமாரியின் கால்களைச் சுற்றிக்கொண்டு நடைப்பக்கம் ஓடியது. கொஞ்சம் தள்ளி நில் என்று அம்மா கையால் காட்டினாள்.