அக்கா வீடு, நாலாவது மாடி

தீபாவளி விடுமுறைக்கு என் தம்பி தேவாங் பாவ்நகரிலிருந்து குடும்பத்தோடு பம்பாய் வந்தால், பாந்த்ரா டெர்மினஸில் இறங்கி நேரே காட்கோபருக்கு, என் வீட்டுக்குத்தான் வருவான். என் வீடு என்பது ஓர் அறையும் ஒரு சமையலறையும். தம்பி, அவன் மனைவி ஊர்வி, குழந்தைகள் க்ரிஷா, ஜினய் நால்வரும் அறையில் படுப்பார்கள். என் கணவர் வாசல் நடையில். என் மகள் சலோனி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். நான் சமையல் மேடைக்கு அடியில் தலையை வைத்து, காஸ் சிலிண்டர் பக்கம் காலை மடக்கிக்கொண்டு. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் பானைக்குப் போக வேண்டும். அந்தப் பத்து நாளும் எனக்கு வீடு கோயில்போல நிறைந்திருக்கும்.

இந்த வருஷம் நவராத்திரி முடிந்தும் தேவாங்கிடமிருந்து பேச்சே இல்லை. நான் மெத்தை உறைகளைத் துவைத்து மடித்து வைத்தாகிவிட்டது. ஒரு நாள் மாலை சலோனி செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மம்மி, க்ரிஷா கேக்கறா, ஜூஹு ஓட்டல்ல சறுக்குமரம் வச்ச நீச்சல்குளம் இருக்கா, இல்ல கொலாபா ஓட்டல்ல இருக்கான்னு. நாம எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"அவளுக்கு எதுக்கு ஓட்டல்?"

"அவங்க தங்கறதுக்குத்தான். ஐயோ, ஃபோய்கிட்ட சொல்லாதேன்னு போட்டிருக்கா. நான் இப்பதான் பார்க்கறேன்."

என் கையில் இருந்த பூரிக்கட்டை அப்படியே நின்றது. பம்பாயில் ஃபோய், அத்தை நான், உயிரோடு இருக்கும்போது தம்பி பிள்ளைகள் ஓட்டலில் தங்குவதா? எங்கள் கட்டடத்தில் எந்த வீட்டிலும் நடந்ததில்லை. தூரத்து உறவின் பக்கத்து வீட்டுக்காரர்கூட ஆஸ்பத்திரிக்கு வந்தால் இங்கேதான் தங்குவார்.

என் கணவர் செய்தித்தாளை இறக்காமலே சொன்னார். "உன் தம்பி முன்னேறிட்டான். அடுத்த வருஷம் ஹெலிகாப்டர்ல வந்து மொட்டைமாடியில இறங்குவான்."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு."

"சரி, அழறேன். முதல்ல டீ குடு."

தேவாங்கைக் கூப்பிட்டேன். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராது.

"பென்" என்றான், எங்களில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவது. "அது வந்து... பசங்களுக்கு நீச்சல்... ஊர்வி, நீயே பேசேன்."

ஊர்வி வாங்கிக்கொண்டாள். "நீபாபென், கோவிச்சுக்காதீங்க. இந்த ஒரு தடவை மட்டும். இன்னும் எந்த ஓட்டல்னு முடிவாகல. இங்க உக்காந்துட்டுப் பார்த்தா எல்லாம் போட்டோவுல நல்லாத்தான் இருக்கு."

"இருக்கட்டும்மா. பாய்பீஜ் அன்னிக்கு வந்துடுவீங்கல்ல?"

"அன்னிக்கு வேற மாதிரி யோசிச்சிருக்கோம், நீபாபென். அப்புறமா சொல்றேனே."

போனை வைத்த பிறகு வெகுநேரம் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தேன். தீபாவளி கழிந்த இரண்டாம் நாள் பாய்பீஜ். மகாவீரர் முக்தி அடைந்த பின் துக்கத்தில் பட்டினி கிடந்த அவருடைய அண்ணனை, அவர்கள் தங்கை தன் வீட்டுக்கு அழைத்து உணவு பரிமாறிய நாள். அன்றைக்கு உடன்பிறந்தவன் அவள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். எனக்குக் கல்யாணமானதிலிருந்து தேவாங் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. மெத்தை போகட்டும், பத்து நாள் போகட்டும். அந்த ஒரு வேளைச் சாப்பாடும் போய்விட்டால் எனக்குப் பிறந்த வீடு என்று என்ன மிச்சம்?

மறுநாள் காலை எங்கள் ஜைனக் கோயிலில், தேராசரில், பூஜைக்குச் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தபோது மனம் கொஞ்சம் அடங்கியது. கோபத்தோடு அரைத்த சந்தனத்தைப் பகவானுக்குப் பூச முடியாது. அப்படியே இன்னொன்றும் தோன்றியது. ஊர்வி போட்டோவைப் பார்த்து ஓட்டல் எடுக்கிறாள். போட்டோவில் சன்னல் கம்பி தெரியுமா? ஜினய்க்கு ஐந்து வயது, எதைக் கண்டாலும் ஏறுகிறவன். காலை உணவுக்கு முட்டை வார்த்த கல்லிலேயே தோசை வார்த்தால் குழந்தைகள் என்ன சாப்பிடும்? என் வீட்டுக்கு வராவிட்டால் போகட்டும், கண்ட இடத்தில் தங்கவிடுவதா?

சலோனியிடம் ஓட்டல் பெயர்களைக் கறந்துகொண்டு, பையில் ஒரு டப்பா மொறுமொறு காக்ரா ரொட்டியும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் எடுத்துக்கொண்டு லோக்கல் ரயில் ஏறினேன்.

கொலாபா ஓட்டலில் சன்னல் திறந்தால் கடல். அழகுதான். ஆனால் ஜினய் சன்னலில் ஏறினால் அவனும் நேரே கடலுக்குத்தான். "கம்பி போடுவீங்களா?" என்று கேட்டேன். "வியூ போயிடும் மேடம்" என்றான் அங்கிருந்த பையன். வியூ இருந்து பிள்ளை இல்லாவிட்டால்?

ஜூஹு ஓட்டலில் நீச்சல்குளத்தில் சறுக்குமரம் இருந்தது. ஆனால் என் உயரத்துக்குத் தண்ணீர். சமையல்காரரிடம் முட்டைக்கும் மற்றதற்கும் தனித்தனிக் கல்லா என்று கேட்டேன். "நல்லா கழுவிடுவோம் பென்" என்றார். உண்மையைச் சொன்ன மனிதர். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவது பார்லாவில், ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே. பெரிய ஓட்டல் இல்லை. மேனேஜர் லோபோ என்கிற, தலை நரைத்த, கழுத்தில் சின்னச் சிலுவை போட்டவர். நான் அறை கேட்டு வரவில்லை, அறை சோதிக்க வந்திருக்கிறேன் என்று சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"முனிசிபாலிட்டியிலேர்ந்தா?"

"இல்ல. குழந்தைங்களோட அத்தை."

"அப்ப இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். வாங்க மேடம்."

சன்னலுக்குக் கம்பி இருந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. குளத்தின் ஒரு பக்கம் குழந்தைகளுக்கென்று முழங்கால் அளவுத் தண்ணீர். சறுக்குமரம் இல்லை, ஆனால் தண்ணீர் பீய்ச்சும் தகரயானை ஒன்று இருந்தது. சமையலறையில் சைவக் கல் தனி அடுப்பில். வெங்காயம், உருளை இல்லாமல் செய்வீர்களா என்றேன். செய்கிறார்களாம்.

"ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு?"

"ஏழரை."

"அது ஆகாது. நாங்க பொழுது சாஞ்சப்புறம் சாப்பிடறதில்ல."

லோபோ தாடையைச் சொறிந்தார். சமையல்காரரைப் பார்த்தார். "நம்ம வேலையாளுங்களுக்கு அஞ்சு மணிக்கு ஆக்கறீங்கல்ல? அதுக்கு முன்னாடி இவங்களுக்கு அடுப்பைத் தொடச்சுக் குடுக்க முடியாதா?" சமையல்காரர் தலையாட்டினார். "லெண்ட் நோன்பு நாள்ல எங்கம்மாவும் இப்படித்தான் மேடம். யார் வீட்டுக்குப் போனாலும் முதல்ல அடுப்பைத்தான் பார்ப்பாங்க" என்றார் லோபோ.

கடைசியாக மெத்தை. குழிந்த மெத்தையில் தேவாங்குக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்து அழுத்திப் பார்த்தேன். சரியாகத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மெல்லச் சாய்ந்து பார்த்தேன்.

கண் விழித்தபோது சன்னல் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. என்மேல் யாரோ ஒரு போர்வை போர்த்தியிருந்தார்கள். வெட்கத்தில் உயிரே போய்விட்டது. கதவைத் திறந்தால் வெளிக் கைப்பிடியில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்ற அட்டை தொங்கியது. புடவையைச் சரிசெய்துகொண்டு கீழே ஓடினேன்.

லோபோ நிமிர்ந்து பார்த்தார். "மெத்தை பாஸா மேடம்?"

"என்னை எழுப்பக் கூடாதா?"

"அறை சுத்தம் பண்ற பொண்ணு எழுப்பத்தான் வந்தா. நீங்க தூங்கின தூக்கத்தைப் பார்த்துட்டுப் போர்வையை எடுத்துட்டுப் போனா. நல்லாத் தூங்கறவங்களை எழுப்பறது பாவம்னா."

அந்தப் பெண் யார் என்று தேடி, பையிலிருந்த காக்ரா டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். ரயிலில் வரும்போது கணக்குப் பார்த்தேன். பகலில் நான் கடைசியாகத் தூங்கியது சலோனியைப் பெற்றெடுத்தபோது.

வீட்டுக்கு வந்து ஊர்வியைக் கூப்பிட்டேன். "பார்லா ஓட்டலை எடு. மத்த ரெண்டும் வேண்டாம். கம்பி, கல், குளம், மெத்தை எல்லாம் நானே பார்த்துட்டேன்."

"நேர்ல போனீங்களா? தனியாவா?" சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "நீபாபென், இனிமே மறைக்க முடியாது. நாங்க ரெண்டு ரூம் எடுக்கறோம். ஒண்ணு எங்களுக்கு. இன்னொண்ணு உங்க மூணு பேருக்கு."

"எங்களுக்கு எதுக்கு? பக்கத்துலயே வீடு இருக்கு."

"போன தடவை ரயில்ல திரும்பி வர்றப்போ க்ரிஷா கேட்டா. 'நாம எல்லாரும் மெரின் டிரைவ் போனோம், மிருகக்காட்சிசாலை போனோம். ஃபோய் மட்டும் சமையலறையிலயே இருந்தாங்க. ஃபோய்க்கு எப்போ லீவு?' அடுத்த தீபாவளிக்கு ஃபோய்க்கும் லீவுன்னு அப்பவே உங்க தம்பி சொல்லிட்டார்."

எனக்கு வீம்புதான் வந்தது. "அன்னிக்கு அவன் என் வீட்டுல சாப்பிடணும். நான் அவன் செலவுல போய் அவன்கிட்ட சாப்பிட்டா அது பாய்பீஜா? நான் வரல. நீங்க நல்லபடியா இருந்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் இந்தத் தடவை செய்தித்தாளை இறக்கினார். "நீபா, குடுக்கறதுக்கு உன் கை நீளுது. வாங்கறதுக்கு மட்டும் மடங்கிக்குது."

"நீங்க யார் பக்கம்?"

"நான் நடையில படுக்கற பக்கம்" என்றார்.

மறுநாள் சாத்விஜி ஒருவர், எங்கள் பெண் துறவி, கோசரி என்னும் உணவுப் பிச்சை ஏற்க எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு ரொட்டியும் கொஞ்சம் பருப்பும் பாத்திரத்தில் இட்டேன். "போதும்" என்று அவர் பாத்திரத்தைக் கையால் மறைத்ததும், வழக்கம்போல இன்னும் கொஞ்சம் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் சிரித்து இன்னொரு ரொட்டி வாங்கிக்கொண்டார். கொடுத்த நான் கும்பிட்டேன், வாங்கியவர் ஆசீர்வதித்தார். அவர் படியிறங்கிப் போன பிறகும் கூப்பிய கையோடு வாசலில் நின்றேன். வாங்கிக்கொள்ள ஓர் ஆள் கிடைத்ததற்காக நான் தினமும் நன்றி சொல்கிறேன். என் தம்பிக்கு அந்தப் புண்ணியத்தை ஏன் தரமாட்டேன் என்கிறேன்?

லோபோவுக்குப் போன் செய்தேன். "எதிரெதிரா ரெண்டு ரூம் இருக்கா? பணம் என் தம்பி தருவான், ஆனா ஒண்ணு என் பேர்ல எழுதணும். நீபா ஷா. அது என் வீடு."

"மெத்தை சோதிச்ச மேடமா? நாலாவது மாடியில குடுக்கறேன். அந்த ரூமேதான்."

பாய்பீஜ் காலையில் அந்த அறைக் கதவுக்கு என் வீட்டுத் தோரணத்தைக் கட்டினேன். தரைவிரிப்பில் கோலம் போட முடியாதே என்று நின்றபோது லோபோ பெரிய டீத்தட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதில் சலோனி பொடிக்கோலம் போட்டு வாசலில் வைத்தாள். சமையலை ஓட்டலே பார்த்துக்கொண்டது. அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று ஊர்வி சத்தியம் வாங்கியிருந்தாள். நான் வீட்டில் கிளறிக் கொண்டுவந்த மோகன்தால் இனிப்பு மட்டும் பெட்டிக்குள் இருந்தது. வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று வரவேற்பில் பலகை வைத்திருந்ததால், லோபோவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"உங்க வீட்டு டப்பாவுல என்ன இருக்குன்னு நான் எதுக்குக் கேக்கணும் மேடம்?" என்றவர், "எனக்கு ஒரு துண்டு வச்சா போதும்" என்றார்.

எதிர் அறைக் கதவு திறந்தது. தேவாங் புதுக் குர்த்தாவில் நாலே எட்டு வைத்து வந்து என் கதவைத் தட்டினான்.

"யாரு?"

"பாவ்நகர்லேர்ந்து வர்றேன் பென். ரயில்ல ஒரே கூட்டம்."

சிரித்துக்கொண்டே திறந்தேன். நெற்றியில் குங்குமம் வைத்து அரிசி ஒட்டி, ஆரத்தி எடுத்து உட்காரவைத்தேன். முதல் வாய் மோகன்தாலை என் கையால் ஊட்டினேன். அவன் மெல்லவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிப்பு ஜாஸ்தி" என்றான்.

"நடிக்காதடா. எப்பவும் போடற சர்க்கரைதான்."

ஜினய் கட்டில்மேல் ஏறிக் குதித்தான். "ஃபோய், உங்க வீடு எப்ப இவ்வளவு பெருசாச்சு? கீழ யானைகூட இருக்கு!"

சாப்பிட்டு முடிந்ததும் பழக்கத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தேன். எங்கே கழுவுவது என்று தெரியாமல் அறை நடுவில் நின்றேன். க்ரிஷா வந்து என் கையிலிருந்து தட்டுகளை வாங்கி வெளியே தட்டுவண்டியில் வைத்தாள்.

"நாங்க எல்லாரும் குளத்துக்குப் போறோம் ஃபோய். மாமாவும் வர்றார். நீங்களும் வர்றீங்களா, இல்ல தூங்கறீங்களா?"

இப்படி என்னை யாரும் கேட்டதில்லை. "கொஞ்சம் தூங்கறேனே" என்றேன், ஏதோ கடன் கேட்பதுபோல.

அவள் கதவை மெல்லச் சாத்தினாள். வெளியே கைப்பிடியில் அட்டை உரசும் சத்தம் கேட்டது. நான் காலை மடக்காமல், நீட்டிப் படுத்தேன்.