கப்பல் வயல்

துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த கோதுமைக் கப்பல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முளைவிட்டது. அந்த நாட்டு வயல்களில் கோதுமை ஒரு கதிர்கூட விளைவதில்லை. ஆனால் ரொட்டி இல்லாமல் அங்கே யாருக்கும் பொழுது விடியாது. ஆகவே நாடே கடலைப் பார்த்தபடிதான் சாப்பிட்டு வந்தது. கப்பல் வந்து வெகுநாளாகியும் சரக்கை இறக்க வழியில்லை. கிரேன் உடைந்திருந்தது. அதற்கான உதிரிபாகம் அடுத்த கப்பலில் வந்துவிட்டது. ஆனால் முன்னால் நிற்பது நகர்ந்தால்தான் பின்னால் நிற்பது கரைக்கு வர முடியும். இந்தச் சிக்கல் எல்லா அதிகாரிகளுக்கும் நன்றாகப் புரிந்தது. புரிந்ததோடு விட்டுவிட்டார்கள். இதற்கிடையே பாய் அகல மேகம் ஒன்று வந்து அந்தக் கப்பலின்மேல் மட்டும் பெய்துகொண்டிருந்தது. பக்கத்துக் கப்பல்களில் துணி காய்ந்தது.

ரொட்டிக்கடைக்காரியின் அடுப்பு அதற்குள் அணைந்துவிட்டது. கடையை இழுத்துச் சாத்திவிட்டு வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று புருஷன் மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தான். “பயிர் வெளஞ்சா இருப்போம், கருகினா போவோம்” என்று அவனை நிறுத்தி வைத்தாள் அவள். ஆனால் மண்ணில்லாத பயிர் கப்பலின் வயிற்றில் வெளிறி நின்றது. கூடை கூடையாக மண் அள்ளிக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். அங்கே அவளுடைய அண்ணன், சுங்க அதிகாரி, குறுக்கே நின்றார்.

“கூடையில என்ன?”

“மண்ணு.”

“நாட்டு மண்ணைக் கப்பல்ல ஏத்தினா அது ஏற்றுமதி. அனுமதி வாங்கிட்டியா?”

“நம்ம வீட்டுக் கொல்லை மண்ணுண்ணே. சின்ன வயசுல நீ அள்ளி அள்ளித் தின்னியே, அதே மண்ணு.”

“தின்னா உள்நாட்டு நுகர்வு. ஏத்தினா ஏற்றுமதி” என்றார் அண்ணன், சிரிக்காமல்.

அவள் கூடைகளை அங்கேயே கவிழ்த்தாள். தண்ணீர் ஊற்றி, முழங்கால்வரை சேறாகும்படி மிதித்தாள். “காலைக் கழுவாம கப்பல் ஏறக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?” என்று கேட்டாள். அவர் சட்டப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தார். அப்படி ஒன்று இல்லை.

அன்றிலிருந்து ஊரே சேற்றுக்காலோடு கப்பலுக்குப் போய்வந்தது. முடிதிருத்துபவர், தபால்காரர், மூன்று கல்யாணக் கோஷ்டிகள் என்று போனவர்களெல்லாம் பயிருக்கு நடுவே காலை உதறிவிட்டுத் திரும்பினார்கள். கழுவி வைத்த மேல்தளம் பாழாகிறதே என்று முதலில் கத்திய கப்பல் கேப்டன், மறுவாரம் தானும் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கரையில் சேறு தேடினார். அண்ணன் மட்டும் அசையவில்லை. ஆனால் தேநீரில் தோய்க்க ஒரு துண்டு ரொட்டியும் இல்லாமல் எத்தனை நாள்தான் ஒரு மனிதன் சட்டம் பேச முடியும்? ஒருநாள் சீருடைக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, தொடைவரை சேறாக வந்து நின்றார்.

“சோதனை போட வந்தேன்.”

“வாங்க, வாங்க. ரெண்டு காலையும் நல்லா உதறிச் சோதிங்க” என்றாள் தங்கை.

பயிர் கறுத்துச் செழித்தது. கதிர் முற்றியதும் ஊரே அரிவாளோடு படகேறியது. ரொட்டிக்கடைக்காரி அடுப்பை மூட்டினாள். புருஷன் மூட்டையை அவிழ்த்துவிட்டு மாவு பிசைய உட்கார்ந்தான். அந்த வருடம் நாட்டின் கோதுமை இறக்குமதி ஒன்றுமில்லை, விளைச்சல் ஒரு கப்பல் என்று வானொலியில் வாசித்தார்கள். கிரேன் பிற்பாடு எப்படியோ சரியானது. கப்பலை நகர்த்தச் சொன்னபோது, “அடுத்த போகம் விதைச்சாச்சே, இப்பப் போய் எப்படி?” என்றார் கேப்டன். அது நியாயமாகத்தான் பட்டது.

ரொட்டியில் உப்பு சற்றுத் தூக்கலாக இருப்பதாக வெளியூர்க்காரர் ஒருவர் கடையில் குறைபட்டுக்கொண்டார். “கடல்ல வெளஞ்சா உப்புக் கரிக்காம என்ன செய்யும்?” என்றாள் அவள், அடுத்த தட்டை அடுப்பிலிருந்து இழுத்தபடி. அவரும் அதுதானே என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு இன்னும் இரண்டு கட்டச் சொன்னார்.