துண்டுக்குள் ஐந்து விரல்

விலைமதிப்பில்லாதது என்று ஊர் சொல்லும் எதற்கும் அய்யாக்குட்டியிடம் ஒரு விலை உண்டு. அவருடைய சொந்த உயிருக்கே மதுரை ஆஸ்பத்திரியில் ஏழு லட்சம் சொன்னார்கள். பேசிப் பேசி ஆறே காலுக்கு முடித்தார். குடலில் இருந்த புற்றுக்கட்டி போயிற்று, ஊசி மருந்தும் முடிந்தது. கொசுறு கேட்காமல் வந்துவிட்டோமே என்பதுதான் ஒரே குறை. வீட்டுக்கு வந்து பார்த்தால், கேட்காமலேயே கொடுத்திருந்தார்கள்: பத்து விரலும் மரத்துப்போயிருந்தன.

சட்டைப் பொத்தான் போட முடியாதது பெரிதில்லை. அவர் சங்கு வியாபாரி. அவர் பழகிய வட்டாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போர்த்தி, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். ஒரு விரல் பத்தாயிரம். உள்ளங்கையை அழுத்திவிட்டால் பேரம் முடிந்தது. அப்புறம் சாமியே வந்து சொன்னாலும் மாறாது. விரல் செத்தவனிடம் யார் துண்டு விரிப்பான்? ஆகவே அவர் டாக்டரைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவி முத்துக்கனியிடம்கூட.

ரத்த அணுக்கள் ஏறும்வரை வெளியே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதை முத்துக்கனி கிரில் கேட்டுக்கு ஒரு பூட்டாக மாற்றிவிட்டாள். சாவி அவள் இடுப்பில். துறைமுகத்தில் கப்பல் ஊதும்; ஊதிவிட்டு அது கொழும்புக்குப் போகும். இவர் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவார். கடையை மகன் செந்தில்முருகன் பார்த்துக்கொண்டான்; ஸ்பீக்கர் போனில், தெருவுக்கே கேட்கும்படி விலை பேசினான். அய்யாக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு டப்பாக்களில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, பயறா உளுந்தா என்று தடவிப் பார்த்துத் திரும்பப் போடுவார். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது.

அன்று காலை விக்டர் வந்து நின்றான். புன்னைக்காயல்காரன், சங்கு குளிக்கும் படகு வைத்திருக்கிறான். பின்னால் ஆட்டோவில் மூட்டைகள்.

“அண்ணாச்சி! உங்க மகன்கிட்ட விக்குறதும் மைக் செட்டு போட்டு விக்குறதும் ஒண்ணுதான். நம்ம முறையில முடிச்சுக்கிடுவமா?”

“கேட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க. மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்க,” என்று சானிடைசரை அவன் கையில் ஊற்றினாள் முத்துக்கனி.

“மதினி, ஞானஸ்நானத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு ஊத்தலை.”

அவள் உள்ளே போனாள். கம்பிக்குள் விக்டரின் கை நுழைந்தது; அதன்மேல் துண்டு விழுந்தது. ஏதோ பிடிபட்டது அய்யாக்குட்டிக்கு முழங்கையில்தான் தெரிந்தது. எத்தனை விரல்? மூன்றா, நாலா? மாஸ்க் போட்ட முகத்தில் படிக்க ஒன்றுமில்லை. மூட்டைகளைக் கண்ணால் அளந்து, இரண்டு விரலைப் பிடிப்பதாக எண்ணிப் பிடித்தார். விக்டரின் புருவம் ஏறியது. மறுகணம் உள்ளங்கையில் ஓர் அழுத்து.

அய்யாக்குட்டி மூட்டைகளை மறுபடி எண்ணிப் பார்த்தார். முதல் பிடியிலேயே இரண்டுக்கு இறங்குகிற ஆளா விக்டர்? தன் கல்யாணத்தில் சாமியாரிடமே காணிக்கைக்குப் பேரம் பேசியவன்! அப்படியானால் தான் எதற்குச் சம்மதித்தோம்? கேட்டால் குட்டு உடைந்துவிடும்.

“ஏலே விக்டரு, பாதியை இப்பவே வாங்கிட்டுப் போ. எவ்வளவுன்னு சொல்லு, முத்துக்கனி எண்ணித் தருவா.”

“பாதி எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?”

“எனக்குத் தெரியும்லே. உனக்குத் தெரியுதான்னு பாக்கேன்.”

“எனக்கும் தெரியும்.”

விக்டர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

“நான் நாலு புடிச்சேன். நீங்க அஞ்சு புடிச்சிய. வாங்குதவன் வெலைய ஏத்துனதை எங்க அய்யா காலத்துலகூட கேள்விப்படலை.”

“பொறவு நீ ஏம்லே அழுத்துன?”

“கை தன்னால அழுத்திட்டு, யாவாரிக் கையில்லா! அதுக்குப் பொறவுதான் மனசு உறுத்துச்சு. வெரலு எப்பத்துல இருந்து இப்படி?”

“கடைசி ஊசியில இருந்து.”

“திரும்புமா?”

“டாக்டரு வெலைய உடைச்சுச் சொல்ல மாட்டேங்கான். போகப் போகப் பாப்போம்ங்கான்.”

விக்டர் துண்டை உதறித் தோளில் போட்டான். “அழுத்துனது அழுத்துனதுதான். வெலை அஞ்சு. நாலை இப்ப வாங்கிக்கிடுதேன். மிச்சம் ஒண்ணை வெரலு வந்த பொறவு துண்டுக்குள்ள வச்சு நீங்களே குடுங்க.”

“வரலைன்னா?”

“வராக்கடனைக் கடைத்தெருவுல பேசுத பழக்கம் எனக்குக் கிடையாது அண்ணாச்சி.”

முத்துக்கனி பணத்தை எண்ணிக் கொடுத்து, மூட்டைகளை இறக்க வைத்து, மறுபடி பூட்டினாள். உள்ளே போகிற போக்கில், திரும்பாமலே சொன்னாள்:

“இனிமே ஒரு டப்பாவுக்குள்ள மட்டும் கைய விடுங்க. பயறுல கெடக்க உளுந்தைப் பொறுக்கிப் பொறுக்கியே என் கண்ணு போச்சு.”

அய்யாக்குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் விக்டருக்கு ஒரு நாளும் கடன்பட்டதில்லை. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. அவர் கணக்கைக் கூட்டினார். உயிர், ஆறே கால் லட்சம், பைசல். சங்கு, நாலு விரல், பைசல். விக்டருக்குத் தரவேண்டியது, ஒரு விரல். தனக்கு வரவேண்டியது, பத்து.