சுண்டுவிரல் சூடு

நீராவி இஸ்திரி மெஷினின் மேல்பலகையை அண்ணனும் தம்பியும் சேர்ந்து தூக்கிய பிறகுதான் குழந்தையின் வலது கை வெளியே வந்தது. ஐந்து வயது. விரிப்பில் விழுந்த மடிப்பைச் சரிசெய்கிறேன் என்று கையை நீட்டியிருக்கிறாள். தம்பியின் மனைவி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், மகளை வாரியெடுத்துக்கொண்டு ஈரத்துணிக் கூடைகளைத் தாண்டி ஓடினாள். வாசலுக்கு அல்ல. சலவைக்கடையின் மூலையில் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஓரகத்தியிடம், அண்ணனின் மனைவியான பெரியவளிடம்.

"அக்கா, தொடுங்கக்கா. சீக்கிரம் தொடுங்க."

விரல்களில் ஒரு சூட்டோடு பிறந்தவர்கள் ஒரு காலத்தில் தெருவுக்கு நாலைந்து பேர் இருந்தார்கள். விரலுக்கு ஒன்றாகப் பத்து. மனம் இரங்கி யாரைத் தொட்டாலும் அவர் நோவு போய்விடும். அந்த விரல் குளிர்ந்துவிடும். மறுபடி சூடேறாது. இப்போது அப்படி யாரும் பிறப்பதில்லை. இருந்தவர்களும் அக்கம்பக்கத்தின் பல்வலிக்கும் தலைவலிக்கும் கொடுத்துத் தீர்த்துவிட்டு, சில்லிட்ட கைகளோடு மற்றவர்களைப் போல மாத்திரைக்கு வரிசையில் நின்றார்கள். பெரியவளுக்குக் கல்யாணம் பேச வந்த அன்று மாமனார் அவளிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எட்டு தேறும்" என்றார். அதில் நாலை அவரே வாங்கிக்கொண்டார், நெஞ்சுவலிக்கும் முட்டிக்கும். அவர் பிள்ளையின் காய்ச்சலுக்கு ஒன்று. சின்னவளின் பிரசவத்தில் இரண்டு: ரத்தம் நிற்காமல் கிடந்த தாய்க்கு ஒன்று, மூச்சில்லாமல் நீலமாக வந்த இந்தக் குழந்தைக்கு ஒன்று. மிச்சம் இடது சுண்டுவிரல். எண்ணிக்கை வைத்திருந்த மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டதால், அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து அவள் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. ஐந்தாம் மாதம். இந்த வயதில் கஷ்டம்தான், எதுவும் நடக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"தீந்துபோச்சும்மா," என்றாள் பெரியவள். "உன் பிரசவத்தோட எல்லாம் தீந்துபோச்சு. தொட்டுப் பாரு, ஐஸ் மாதிரி இருக்கு."

வலது கையை நீட்டினாள். இடது கை மடியிலிருந்த சட்டைக்குள் இருந்தது. இரக்கம் வந்துவிடக் கூடாதே என்று குழந்தையின் முகத்தைப் பார்க்காமல், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அலறல் விழுந்துகொண்டிருந்த காதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

சின்னவள் நம்பிவிட்டாள். சந்தேகப்பட்டு ஒரு நாள் கத்தியிருந்தால்கூடப் பெரியவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குழந்தையின் நாலு விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப்போன பிறகு, சின்னவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: "என்னைப் பொழைக்க வைக்காம விட்டிருந்தா, எம்பொண்ணுக்கு ஒண்ணு மிச்சம் இருந்திருக்கும். உங்களைச் சொல்லி என்னக்கா இருக்கு, இருந்ததை எல்லாம் எங்களுக்கே குடுத்துட்டீங்க." சொன்னதோடு நிற்கவில்லை. பெரியவளைத் தண்ணீர் வாளி தூக்கக்கூட விடாமல் தாங்கினாள். பிரசவம் வெகு சுலபமாக ஆனது. பையன். சுண்டுவிரல் சூடு அப்படியே இருந்தது. இனி அது பையனுக்கு என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். அவன் இருமினாலே விரலைத் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

நாலு வருஷம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடை விடுமுறை. கால் ஆணி குத்துகிறது என்று கணவன் நாற்காலியில் உட்கார்ந்து காலை அவள் மடியில் வைத்திருந்தான். அவள் உள்ளங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எதிரே, ஒன்பது வயதாகிவிட்ட சின்னவளின் மகள் பெரியவளின் பையனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டிய கையால் துணியை அழுத்திப் பிடித்து, மற்ற கையால் பொத்தானைத் துளைக்குள் தள்ளினாள். பையன் அந்தக் கையைப் பட்டென்று அடித்தான்.

"இந்தக் கை வேணாம். அசிங்கமா இருக்கு."

அவள் அழவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "சரிடா, அதால தொடலை," என்றாள். குனிந்து சட்டையைப் பல்லால் கவ்விக்கொண்டு, ஒற்றைக் கையால் அடுத்த பொத்தானைப் போட ஆரம்பித்தாள்.

நாலு வருஷமாகப் பெரியவள் அணைபோட்டு வைத்திருந்த இரக்கம் ஒரு நொடியில் உடைத்துக்கொண்டு தோளிலிருந்து கைக்கு இறங்கியது. ஐயோ என்று கையை இழுத்துக்கொள்வதற்குள் சுண்டுவிரலின் சூடு கணவனின் காலுக்குள் போய்விட்டது.

"ஏய், என்னடி பண்ணினே?" கணவன் துள்ளி எழுந்தான். காலைத் தரையில் ஓங்கி ஓங்கி மிதித்துப் பார்த்தான். "வலியே இல்லடி! அம்மாடி சின்னவளே, இங்க வந்து பாரேன்! உங்கக்கா தொட்டா, உயிரை வாங்கின ஆணி போன இடம் தெரியல!"

சின்னவள் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். சிரித்துக்கொண்டேதான் வந்தாள். அவன் உள்ளங்காலைப் பார்த்தாள். குழந்தையின் பாதம் போல வழுவழுவென்று இருந்தது. பிறகு பெரியவளைப் பார்த்தாள். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவனுக்கும் உறைத்தது. மிதிப்பது நின்றது.

கத்துவாள் என்று பெரியவள் காத்திருந்தாள். சின்னவள் மண்டியிட்டு உட்கார்ந்து, அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்து, ஒவ்வொரு விரலாகத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிப் பார்த்தாள். பத்தும் முடிந்தது. மறுபடி முதல் விரலிலிருந்து தொடங்கினாள்.

"இன்னொண்ணு இருக்கும்லக்கா?" என்றாள் மெதுவாக. "இருந்தாச் சொல்லுங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன்."

பெரியப்பாவின் கால் சரியானதை அந்தப் பெண்ணும் பார்த்திருந்தாள். தம்பியின் கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்துவிட்டு வந்து, அவர் எழுந்துபோன நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கையை எடுத்துப் பெரியம்மாவின் மடியில் வைத்தாள்.

"மெதுவா, பெரியம்மா," என்று சொல்லிவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

கணவன் சுவரைப் பிடித்தபடி, ஆணி போன அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல், ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான்.