கத்தரிக்காய் வாத்தியார்

என்னை ஒரு கத்தரிக்காயாக்கி ஊரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எப்போதும் போல, விஷயம் கடைசியாக வந்து சேர்ந்தது சம்பந்தப்பட்டவனிடம்தான்.

பி.டி. மாஸ்டர் தன் போனை ஆசிரியர் அறையில், எல்லோருக்கும் நடுவில், என் மூக்குக்கு நேராக நீட்டினார். அதில் ஒரு வெள்ளைச் சுவர், முன்னால் ஒரு மேஜை. மேஜை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த குண்டுக் கத்தரிக்காய்க்குக் கம்பியை வளைத்து மூக்குக்கண்ணாடி மாட்டியிருந்தார்கள். போனிலேயே குரலை மாற்றுகிற வசதி இருக்கிறதாம். கீச்சுக் குரலில் அது பேசியது: "ஓகே என்பது சொல் அல்ல, ஏப்பம். வகுப்பில் ஏப்பம் விடுகிறவர்கள் வெளியே போகலாம்."

அது என் வாக்கியம். இம்மி பிசகாமல் என் வாக்கியம்.

"நல்லா இருக்கில்ல சார்?"

"யார் பண்ற வேலை இது?"

"தெரியல சார். கத்தரிக்காய் வாத்தியார்னு பேர் போட்டிருக்கு. வாரா வாரம் ஒண்ணு வருது. என் மச்சினி ஒண்ணு விடாம பாக்கறா."

அறையில் எல்லோரும் திடீரென்று விடைத்தாள் திருத்துவதில் மும்முரமானார்கள். இவ்வளவு ஆர்வமாக இவர்கள் விடைத்தாள் திருத்தி நான் பார்த்ததே இல்லை. அந்த நிமிஷம் தொடங்கியது என் சந்தேகம்.

நான் தமிழ் ஆசிரியன். எனக்குக் கருத்துகள் உண்டு; அவற்றை வாய்க்குள்ளேயே பூட்டி வைக்கும் பழக்கம் இல்லை. என் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். ஒரு கையெழுத்துக்காக எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவரை வாசலிலேயே நிறுத்தி வைப்பார்கள். வாயைத் திறந்ததுமே அவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். நான் படித்துவிட்டு அவரோடு போய்த் திருத்தமாக நாலு வாக்கியம் பேசினேன். அதே ஆள் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் போட்டிருந்ததும் கிழிந்த சட்டைதான். அன்று முதல் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான்: சட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், முதலில் பேச்சைச் சரிசெய்.

கேட்கிறார்களா? முன் பெஞ்சில் இருப்பவர்கள் அடுக்குமாடிப் பிள்ளைகள். தமிழில் தெரியாததை ஆங்கிலத்தில் சொல்வார்கள், ஆங்கிலத்தில் தெரியாததைத் தமிழில் சொல்வார்கள், இரண்டிலும் தெரியாததற்குத் தோளைக் குலுக்குவார்கள். பின் பெஞ்சு வேறு ரகம். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டால் சினிமா வசனத்தில் பதில் வரும். கதாநாயகன் பேசியதைப் பேசினால் தானும் கதாநாயகன் என்று நினைப்பு. எனக்கு இதில் ஒரு பெரிய சதி இருப்பதாகவே தோன்றும். அடுக்குமாடிப் பையனும் அதே படத்தைத்தான் பார்க்கிறான். ஆனால் அவன் மறுநாள் டியூஷனுக்குப் போகிறான். இவன் மறுநாளும் அதே படத்துக்குப் போகிறான். இவனை அங்கேயே உட்கார வைத்திருப்பதில் யாருக்கோ லாபம் இருக்கிறது.

இதையெல்லாம் அந்தக் கத்தரிக்காய் ஒன்று விடாமல் பேசியது. டியூஷன், தோள் குலுக்கல், சதி, எல்லாமே. பின் பெஞ்சுப் பையன்கள் நடைபாதையில் என்னைக் கண்டதும் கைகட்டி நின்று, கன்னத்தைக் கடித்துக்கொண்டு, "வணக்கம் ஐயா" என்றார்கள். என் வாழ்நாளில் அவர்கள் என்னை ஐயா என்றதில்லை.

யார் மேல் சந்தேகப்படுவது? பி.டி. மாஸ்டருக்கு என்னைக் கண்டால் ஆகாது. விளையாட்டு விழாவில் அவருடைய உரையை நான் மேடையிலேயே திருத்தியிருக்கிறேன். அலுவலக எழுத்தரோ யார் எதைச் சொன்னாலும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறவர். ஆனால் என் மனசு முதலில் போய் நின்றது நாடக டீச்சரிடம்.

அந்தப் பெண் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தற்காலிக நியமனம். பை நிறையத் துணி பொம்மைகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு கீச்சுக் குரல். பிள்ளைகளை வீட்டில் பேசுகிறபடியே மேடையில் பேசவிடுகிறாள். போன மாதம் ஒரு சிறுமி தன் அம்மா குழாயடியில் போடும் சண்டையை அப்படியே நடித்துக் காட்ட, அரங்கமே கை தட்டியது. நான் அன்றே கேட்டேன்.

"தெருவுல பேசறதையே மேடையிலயும் பேசறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கும்மா?"

"தெருவுல அவங்க பேசறத யாரும் நின்னு கேக்கறதில்லையே சார்," என்றாள்.

பதில் தயாராக வைத்திருப்பவர்களை நான் எப்போதும் நம்புவதில்லை.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். நாடக டீச்சரின் பணி நீட்டிப்பு உத்தரவு அவர் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருப்பது எனக்குத் தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று என் சந்தேகத்தைச் சொன்னேன்.

"நிச்சயமா தெரியுமா சார்?"

"இந்த வாரக் கடைசிக்குள்ள நிரூபிக்கறேன் மேடம். அது வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

என் யோசனை எளிமையானது. சந்தேகப்பட்ட மூன்று பேரிடமும் தனித்தனியாக ஒரு பொய்க் கருத்தைச் சொல்வது. எந்தப் பொய் கத்தரிக்காயின் வாயில் வருகிறதோ, அந்தப் பொய்யை வாங்கியவர் மாட்டிக்கொள்வார். பி.டி. மாஸ்டரிடம், கிரிக்கெட் வர்ணனை கேட்கிறவர்கள் சாதாரணமாகப் பேசும்போதும் மூச்சு வாங்குவார்கள் என்றேன். எழுத்தரிடம், லிப்டில் போய்வருகிறவர்களுக்கு ழகரம் வராது, மாடிப்படி ஏறுகிற ஏழைகளுக்குத்தான் அதற்கான மூச்சு உண்டு என்றேன். நாடக டீச்சரிடம், சினிமாப் பாட்டை முணுமுணுக்கிறவர்களுக்குப் பரீட்சையில் மதிப்பெண் குறைக்க வேண்டும் என்றேன். இது பொய்யா என்பதில் எனக்கே கொஞ்சம் தயக்கம் இருந்தது. மூன்று பேரிடமும், உங்களுக்கு மட்டும் சொல்கிறேன் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் நான் கல்லுளிமங்கன்.

வீட்டிலும் தொந்தரவு கிடையாது. என் மனைவி அதிகம் பேசாதவள். கல்யாணமான புதிதில் வாய் ஓயாமல் பேசுவாள். மாமனார் மளிகைக் கடை வைத்திருந்தார். கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவளிடம் வேறு எந்தப் பேச்சை எதிர்பார்க்க முடியும்? வாக்கியத்தை நடுவில் ஆரம்பித்து எங்கேயோ கொண்டுபோய் முடிப்பாள். நான் பொறுமையாக ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்தேன். இப்போது தேவைக்கு மட்டும் பேசுகிறாள், பிழையில்லாமல் பேசுகிறாள். அதில் எனக்குப் பெருமைதான். சாயங்காலம் நான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே பள்ளிக்கூடத்தில் நடந்ததைக் கொட்டித் தீர்ப்பேன். அவள் பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். அந்த வாரமும் அப்படித்தான் போனது.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். புது வீடியோ வந்திருந்தது. யாருக்கு எந்தப் பொய்யைச் சொன்னேன் என்பதை முதலில் அவருக்கு விளக்கினேன். அவரே போனை மேஜை மேல் சாய்த்து வைத்தார்.

கத்தரிக்காய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசியது. கிரிக்கெட் வந்தது. பி.டி. மாஸ்டரை நினைத்து எனக்குள் ஒரு சிரிப்பு எழுந்தது. உடனே லிப்ட் வந்தது. அப்புறம் சினிமாப் பாட்டும் வந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். கூட்டுக் களவாணிகள், மூன்று பேரும் உட்கார்ந்து பேசி என் மூக்கை உடைக்கிறார்கள். கடைசியில் கத்தரிக்காய் முன்பக்கம் சாய்ந்து ரகசியமாகச் சொன்னது: "மூணு பொறி வச்சிருக்கேன். எலி எதுல வந்து விழுதுன்னு பாப்போம். எலிக்கு என்ன தெரியும், பாவம்."

என் முகத்தில் ஈயாடவில்லை.

பொறி, எலி என்றெல்லாம் அந்த மூவரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அந்த வார்த்தைகளை நான் சொன்ன இடம் ஒன்றுதான். திங்கட்கிழமை சாயங்காலம், சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னேன். பக்கத்தில் பீன்ஸ் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஒரு ஆள் இருந்தது என் கணக்கிலேயே வரவில்லை.

"மூணு பேரும் சேந்துதான் பண்ணியிருக்காங்க போல," என்றார் தலைமையாசிரியை. "மத்த ரெண்டு பேரும் நிரந்தரம். அவங்க மேல நான் கை வைக்க முடியாது. அந்தப் பொண்ண இந்த மாசத்தோட நிறுத்திடறேன். உங்களுக்குத் திருப்திதானே சார்?"

உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. வாத்தியாரைக் கத்தரிக்காயாக்கியது வாத்தியார் பெண்டாட்டி என்று தெரிந்தால் இந்தப் பள்ளியில் நான் எப்படி நடமாடுவேன்? தலையை ஒரு மாதிரி ஆட்டிவிட்டு எழுந்து வந்தேன். நடைபாதையில் நாடக டீச்சர் பொம்மைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு இன்னும் தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் சுவரைப் பார்த்தேன். வெள்ளைச் சுவர். எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது. காய்கறிக் கூடையைப் பார்த்தேன். கத்தரிக்காய்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி கிடந்தன. மேஜையில் அவளுடைய போன் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தது. அவனோடு பேசத்தான் அது என்று நினைத்திருந்தேன்.

"நீதானா?" என்றேன், காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம்.

"எது?"

"கத்தரிக்காய்."

"ஆமா."

அவ்வளவுதான். கத்தி ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் அடக்கிக்கொண்டேன். காரியம் முக்கியம்.

"சரி. எல்லாத்தையும் அழிச்சிடு. நானும் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

"அந்த நாடக டீச்சர்?"

"என்ன?"

"மாசம் பூரா அவளத்தானே திட்டிட்டிருந்தீங்க. அவள என்ன பண்ணாங்க?"

"தற்காலிக வேலைதானே. வேற எங்கயாவது கெடைக்கும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"தப்பு பண்ணது நானு. வேல போறது அவளுக்கா?"

"'செய்தது நான்'னு சொல்லு," என்றது என் வாய்.

நான் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. அது தானாக வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு போனை எடுத்துத் தலைமையாசிரியைக்குப் போட்டாள். என் போன் அணைந்து கிடக்கும் போதெல்லாம் அவர் இவளைத்தான் கூப்பிடுவார், எண் இருந்தது.

"மேடம், நான் சார் வீட்லேந்து பேசறேன். அந்தக் கத்தரிக்கா இருக்கில்ல, அது நான்தான். ஆமா மேடம், நானேதான். அவருக்கு இன்னிக்குத்தான் தெரியும். அந்த டீச்சரு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல, அவங்க வயித்துல அடிச்சிடாதீங்க. ஏன் பண்ணேனா? அதயேன் கேக்கறீங்க. வீட்டுக்கு வந்தா அன்னிக்கு நடந்ததெல்லாம் கொட்டுவாரு. நான் பதிலுக்கு ஒண்ணு சொன்னா, அந்த வார்த்தையப் புடிச்சுக்குவாரு. என்ன சொல்ல வந்தேன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. வாய மூடிக்கிட்டேன். எத்தன நாளைக்கு மூடிட்டே இருக்கறது? அதான் அவர் கொட்டறதயெல்லாம் கத்தரிக்காகிட்ட குடுத்துட்டேன். அது பேசினா எல்லாரும் நல்லாக் கேக்கறாங்க மேடம்."

வாக்கியங்கள் நடுவில் ஆரம்பித்து எங்கேயோ போய் முடிந்தன. என் காது பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவள் குரல் ஏறி இறங்குவதும், நடுவில் சிரிப்பதும், மறுமுனையில் இருப்பவரைச் சிரிக்க வைப்பதும் எனக்குப் புதிதாக இருந்தன. இவள் இப்படிப் பேசுவாள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

போனை என்னிடம் நீட்டினாள்.

"அவங்க சொல்றது சரியா சார்?" என்றார் தலைமையாசிரியை. அவர் குரலில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. திங்கட்கிழமைக்குள் ஆசிரியர் அறைக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

"சரிதான் மேடம்."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு நான் கையெழுத்துப் போட்டுடறேன். நீங்க அவங்ககிட்ட நேர்ல பேசிடுங்க."

போனை மேஜையில் வைத்தேன். அவள் அதற்குள் விட்ட இடத்திலிருந்து காய் நறுக்க ஆரம்பித்திருந்தாள். நான் ஸ்டூலை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை.

"அப்படி என்னதான் சொல்ல வந்தே? இப்பச் சொல்லு. நான் குறுக்க பேசல."

அவள் கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். இந்த மாதம் முழுக்க ஆசிரியர் அறையில் நான் ஒவ்வொருவரையும் பார்த்த பார்வை அது. பிறகு மேஜையிலிருந்த போனை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள்.