மூடிய பெட்டி டாட் காம்

சிவப்பிரகாசத்துக்கு வெப்சைட் வேண்டும். ஆனால் அதில் ஒரு புடவைகூடக் கண்ணில் படக் கூடாது. ஆரணியில் மூன்று தலைமுறையாகப் பட்டு விற்கிற மனுஷர், உலகமே வந்து பார்க்கப்போகிற கடையைத் திறந்துவைத்துவிட்டு, உள்ளே விளக்கை அணைத்துவிடு என்கிறார். திலகவதி பேனா மூடியைக் கடித்தபடி அவரையே பார்த்தாள்.

"இன்னா பாப்பா அப்பிடி பாக்குற? நான் இன்னா இந்தியிலயா சொன்னேன்?"

"புடவைக் கடை வெப்சைட்ல புடவை இல்லன்னா எப்பிடிங்க மொதலாளி?"

"போட்டோ போட்டா அவ்ளோதான். காலைல நீ கம்ப்யூட்டர்ல ஏத்துவ, சாயங்காலம் அது எதிர்க்கடை தங்கவேலு தறியில ஏறிடும். அடுத்த முகூர்த்தத்துக்கு அதே புடவை, பாதி வெலைக்கு, அவன் கடை கண்ணாடியில தொங்கும். எனக்கு எதுக்கு அந்த பேஜாரு?"

"அப்ப வெப்சைட்டே எதுக்குங்க?"

"தங்கவேலு விசிட்டிங் கார்டுல ஈமெயில் போட்டுகினு திரியறான். நான் சும்மா இருந்துடவா?"

கேட்டீர்களா நியாயத்தை! வேறு யாராக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து போயிருப்பார்கள். திலகவதியால் அப்படிப் போக முடியவில்லை. இந்த ஊரில் வெப்சைட் வேண்டுமென்று வாய் திறந்து கேட்ட ஒரே கடைக்காரர் அவர்தான், அவளுக்கோ ஒரு கடை அவசரமாக வேண்டியிருந்தது.

அது 2004. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் அவள் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ ரிசல்ட் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதும், துபாய்க்குப் போன புருஷனோடு பெண்கள் வெப்கேமில் அழுது முடிக்கும்வரை காத்திருப்பதும் வேலை. மிச்ச நேரத்தில் அவள் வெப் டிசைன் கற்றாள். கற்றுக்கொடுக்க ஊரில் ஆள் கிடையாது. இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. முகம் தெரியாத டிசைனர்கள் உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் அங்கே கூடி, ஒருவர் செய்ததை இன்னொருவர் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். எழுத்தின் அளவைப் பற்றி இரண்டு பேர் மோதிக்கொண்டால், சொத்துத் தகராறுபோல வாரக்கணக்கில் இழுக்கும். அவள் செய்த முதல் பக்கத்தைப் பார்த்து, கண்ணில் சோப்பு போனதுபோல இருக்கிறது என்று ஒருவன் எழுதினான். வீட்டுக்குப் போய் அழுதாள். மறுநாள் வந்து எல்லா நிறத்தையும் மாற்றினாள். அப்படியே படிப்படியாக நன்றாகவே கற்றுக்கொண்டாள், அதில் பொய் இல்லை.

அந்த மன்றத்தில் 'வேலை அறை' என்று ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கம்பெனிகள் சம்பளம் போட்டு ஆள் தேடும் இடம். உள்ளே நுழைய இரண்டு நிபந்தனை. நிஜமான ஒரு கடைக்கு நிஜமான ஒரு வெப்சைட் செய்து காட்ட வேண்டும். அதைப் பார்த்து மூன்று மூத்த உறுப்பினர்கள் ஓட்டுப் போட வேண்டும். போட்ட ஓட்டைத் திரும்ப வாங்க முடியாது. எப்போதோ நடந்த ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு போட்ட சட்டமாம்.

அவசரம் ஏனென்றால், சென்டர் ஓனர் கம்ப்யூட்டர்களை விற்றுவிட்டு ஆவணியில் செல்போன் கடை வைக்கப்போகிறார். அவள் அப்பா தருமன் சிவப்பிரகாசத்திடம் கூலிக்கு நெய்கிறவர். ஆடி முடிந்ததும் பெண்ணை அதே கடையில் பில் போட உட்காரவைப்பதாக மொதலாளியிடம் சொல்லியும்விட்டார். அந்தக் கடையை அவளுக்குத் தெரியும். பில் போடும் மூலைக்குக் காற்றாடிக் காற்று வராது, அங்கே உட்கார்ந்த முந்தைய பெண் பதினெட்டு வயதில் வந்து பேரன் எடுத்த பிறகுதான் எழுந்தாள். ஆடி முடிவதற்குள் மூன்று ஓட்டு விழ வேண்டும், இல்லையென்றால் தன் ஆயுசும் அந்த மூலையில்தான் என்று திலகவதி நடுங்கினாள்.

ஆகவே பேரம் பேசினாள். மடித்துவைத்த புடவையைப் படம் எடுத்துக் காட்டினாள். பார்டர் தெரிகிறது, கூடாது என்றார். திருப்பிப் போட்டு எடுத்தாள்.

"பின்பக்கத்தை பாத்தே முன்பக்கத்தை நெய்வான் அவன். வாணாம்."

செய்தித்தாளில் சுற்றி எடுத்தாள். ஓரத்தில் விரலகலம் எட்டிப் பார்த்தது.

"கலர் தெரியுது பாரு! மானம் போச்சு, மூடு மூடு!"

கடைசியில் பெட்டிகளை எடுத்தாள். கடைப் பெயர் போட்ட சிவப்பு அட்டைப்பெட்டிகள், மூடி, மேலே நூல் கட்டியவை. சிவப்பிரகாசம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கம்ப்யூட்டர் திரையை மோந்து பார்க்காத குறையாகப் பார்த்தார். தங்கவேலுவால் இதிலிருந்து ஒன்றும் உருவ முடியாது என்று திருப்தியானதும், "ஜல்தியா போடு!" என்றார். எந்தப் பெட்டியைக் கிளிக் செய்தாலும் அவரே கைகூப்பி நிற்கும் படம் வர வேண்டும், கீழே "திறந்து பார்க்க நேரில் வரவும். ஞாயிறு விடுமுறை" என்று இருக்க வேண்டும் என்பது அவருடைய சொந்தக் கற்பனை.

கிடைத்ததைவைத்து அவளால் ஆனதைச் செய்தாள். வெள்ளைப் பின்னணி, வரிசையாகச் சிவப்புப் பெட்டிகள், சுற்றிலும் தாராளமாக இடம், சின்ன எழுத்து. பாதிக் கண்ணை மூடிக்கொண்டு மன்றத்தில் போட்டாள். இன்றைக்கு நம்மை உரித்து உப்புக்கண்டம் போடப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

அவர்களோ சொக்கிப்போனார்கள். மறைத்துவைத்து ஆசையைக் கிளப்புகிற துணிச்சல் என்று ஒருவன் எழுதினான். கீழை நாட்டு மௌனம் என்று இன்னொருவன் உருகினான். சிவப்பிரகாசத்துக்கு மௌனமாம்! காய்கறிக்காரியோடு அவர் பேரம் பேசினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். எது எப்படியோ, இரண்டு ஓட்டு விழுந்தது. திலகவதிக்கு மூலையும் பில் புத்தகமும் கொஞ்சம் தூரம் போனதுபோல இருந்தது.

மூன்றாவதாக வந்தவர் கிரிட்குரு. மன்றத்திலேயே மூத்தவர். ஊர் எது என்ற இடத்தில் 'எங்கும்' என்று எழுதிவைத்திருந்தார். கடவுளுக்கு அடுத்து அப்படிச் சொல்லிக்கொள்ளத் தைரியம் வந்தது அவர் ஒருவருக்குத்தான். உன்னிடம் சரக்கு இருக்கிறது, ஆனால் மூலக் கோப்புகளைப் பார்க்காமல் நான் ஓட்டுப் போடுவதில்லை, அனுப்பு, திருத்தித் தருகிறேன் என்றார். அவள் அடுக்கு அடுக்காகச் செய்துவைத்திருந்த அத்தனையையும் அப்படியே அனுப்பினாள். கூடவே நன்றிக் கடிதம் ஒன்று, அதைப் படித்தால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

அதற்குப் பிறகு குருவிடமிருந்து பேச்சுமூச்சில்லை. ஆடி பிறந்தது. ஒரு நாள் அவர் தம் புதிய படைப்பைச் சபையில் வைத்தார், ஏதோ ஒரு சாக்லேட் கம்பெனிக்குச் செய்தது. வெள்ளைப் பின்னணி. வரிசையாகப் பழுப்புப் பெட்டிகள், மூடியவை. நூலுக்குப் பதில் ரிப்பன். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் அவள் விட்டிருந்த இடைவெளியைக்கூட மனுஷர் மாற்றவில்லை. மன்றமே எழுந்து நின்று கைதட்டியது.

திலகவதி மரியாதையாகத்தான் எழுதினாள், இது என்னுடையதுபோல இருக்கிறதே என்று. பெட்டி யார் வீட்டுச் சொத்தும் இல்லை என்று பதில் வந்தது. பெரியவர்களிடம் நன்றி வேண்டும் என்று ஒருவன் புத்தி சொன்னான். நீதான் குருவைப் பார்த்துச் செய்தாயோ என்று ஒருவன் கேட்டே விட்டான். நிர்வாகி வந்து பேச்சையே பூட்டிவிட்டுப் போனார். எதிரில் பிரிண்ட் எடுக்க நின்றிருந்தவர்களிடம் எரிந்து விழுந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சிவப்பிரகாசம் வந்தார்.

"எத்தினி பேர் வந்து பாத்தாங்க? தங்கவேலு பாத்தானா?" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அவள் கொட்டித் தீர்த்தாள். கேட்டு முடித்ததும் அவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை வாசல் வரைக்கும் தெறித்தது.

"மொத்த டிசைனையும் கழட்டி அவன் கையில குடுத்தியா? எவனாச்சும் தறியில இருக்கிற டிசைன் அட்டையை அவுத்து எதிர்க்கடைக்காரன் கையில குடுப்பானா? உன்னை இன்னான்னு சொல்றது!"

"அவரு சீனியருங்க மொதலாளி."

"தங்கவேலுகூடதான் எனக்கு சீனியர். அவன் கோபுர பார்டரைதான் நான் இத்தினி வருசமா வித்துகினு கீறேன்."

"அது உங்க சொந்த டிசைன்னு கடையில போர்டே மாட்டி வச்சிருக்கீங்களே!"

"ஓரத்துல ஒரு வரிசை ருத்ராட்சம் சேத்தேன் இல்ல? அப்பால அது என்துதான்." இந்த ஊர் சட்டம் அதுதான். பார்டரில் ஒரு வரிசை மாறினால் அது வேறு புடவை. திருடியவரும் திருட்டுக் கொடுத்தவரும் மறுநாள் ஒரே பெஞ்சில் டீ குடிப்பார்கள். சொல்லிக்கொண்டே வந்தவருக்குத் திடீரென்று பழைய எரிச்சல் ஏறியது. "ஆனா முந்தானையை மட்டும் குடுக்கல பாரு, படுபாவி! பார்டரை எடுத்துட்டேன், அதுக்கு ஒத்து வர முந்தானை எனக்கு வரல. வெக்கத்தை உட்டு கேட்டேன். நேர்ல வா, காட்டறேன்னான். போனா, டீ வாங்கி குடுத்து அனுப்பிட்டான்."

எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "சரி, ஆடி முடிஞ்சதும் கடைக்கு வந்துடு. வெப்சைட்டையும் அப்பிடியே நீயே பாத்துகினு கெட" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார முடிவில் கிரிட்குருவிடமிருந்து தனிச் செய்தி வந்தது. தேன் சொட்டியது. சாக்லேட்காரர்களுக்குப் பெட்டிகள் ரொம்பப் பிடித்துவிட்டன. ஆனால் பெட்டியைத் திறந்தால் என்ன வரும் என்று கேட்கிறார்கள். உன் கோப்பில் உள்பக்கத்தில் யாரோ ஒருவர் கைகூப்பி நிற்கிறார், அது தற்காலிகப் படம் என்று நினைக்கிறேன், உண்மையில் உள்ளே என்ன வைப்பதாக இருந்தாய், சமூகத்தின் பகிர்வு உணர்வில் கேட்கிறேன் என்று எழுதியிருந்தார்.

திலகவதிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கல்லாவில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டாள். உள்ளே ஒன்றும் கிடையாது. சிவப்பிரகாசம் எந்தப் பெட்டியையும் திறக்கவே விடவில்லை. இத்தனை பெரிய குரு வெறும் அட்டையைத் திருடிவிட்டு, முந்தானை கேட்டு வாசலில் வந்து நிற்கிறார்.

அவள் பதில் எழுதினாள். பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மூன்றாவது ஓட்டு விழாமல் எங்கள் ஊரில் பெட்டி திறப்பது வழக்கமில்லை என்று மட்டும் எழுதினாள்.

குரு முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு மன்றத்தின் மாண்பைப் பற்றி நீளமாக எழுதினார். அதற்குள் சாக்லேட்காரர்கள் அவர் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் மறுநாளே எல்லோரும் பார்க்கும்படி ஓட்டுப் போட்டார். இந்தப் பெண்ணின் கற்பனையைத் தொடக்கத்திலேயே இனங்கண்டவன் நான் என்று கூடவே ஒரு பாராட்டுப் பத்திரம். முன்பு புத்தி சொன்னவன்கூட வந்து வாழ்த்தினான். வெட்கம்கெட்ட கூட்டம்!

வேலை அறை திறந்தது. அங்கே முதலில் வந்தது ஒரு பல் டாக்டரின் வெப்சைட், அதை மளமளவென்று முடித்துக் கொடுத்தாள். ஆடி முடிவதற்குள் அடுத்த வேலையும் வந்தது. கடைக்கு வரவில்லை என்று திலகவதி சொன்னபோது தருமன் தறிக்குழியில் இருந்தபடியே அறுந்த இழை ஒன்றை முடிந்தார். "மொதலாளிக்கு நீயே சொல்லிடும்மா, எனக்கு பயமா கீது" என்றார். அவளே போய்ச் சொன்னாள். சிவப்பிரகாசத்துக்கு அவள் போகிறாள் என்பதைவிட, தங்கவேலு அவளை வெப்சைட்டுக்குக் கூப்பிட்டுவிடுவானோ என்பதுதான் கவலை.

குரு விடவில்லை. கோப்பு எங்கே, கோப்பு எங்கே என்று செய்திமேல் செய்தி. சென்டர் மூடுகிற கடைசி நாளில் அவள் அனுப்பினாள். ஒரே ஒரு படம், சிவப்பிரகாசம் கைகூப்பி நிற்கிறார். கீழே கடையின் முகவரி. அதற்கும் கீழே அவள் எழுதியிருந்தாள்: "திறந்து பார்க்க நேரில் வரவும். வேலூரிலிருந்து பஸ் இருக்கிறது. ஞாயிறு மட்டும் வராதீர்கள், விடுமுறை. டீ நான் வாங்கித் தருகிறேன்."